டக்டுக்குள் ஒரு சேலை

அண்ணே, தலைக்கு மேல இருக்குற அந்த மூடிய உங்க பக்கம் திருப்பாதீங்க. கோவிச்சுக்காதீங்க, சும்மா சொல்லல. இங்க பாருங்க என் வெரல. உள்ள விட்டு ஒரு சுத்து சுத்துனேன், அவ்வளவுதான். எப்புடி இருக்கு? அடுப்புக்கரியத் தொட்ட மாதிரி. இந்தக் காத்தத்தான் தஞ்சாவூர் வரைக்கும் நெஞ்சுல ஏத்திக்கிட்டுப் போகப்போறோம். ஏசி பஸ்ஸுன்னு பெருமை வேற.

உங்ககிட்ட பேப்பர் எதுவும் இருக்கா? இல்லாட்டி விடுங்க, சீட்டுக்கு அடியில தொடச்சுக்கிறேன்.

நீங்களும் தஞ்சாவூர்தானா? நல்லதாப் போச்சு. நான் அங்க எறங்கி ஒரத்தநாடு போகணும், மாமியார் வீடு. பேரு கலியமூர்த்தி. குவைத்துல இருக்கேன், ஒரு கம்பெனி குடோன்ல சூப்பர்வைசர். காலையிலதான் திருச்சியில வந்து எறங்குனேன். பிளேன்ல பொட்டுத் தூக்கம் கெடையாது. அதான் காலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. ஆட்டிக்கிட்டே இருக்கேன்னு எரிச்சல்படாதீங்க.

என்னது? கொஞ்சம் சத்தமாப் பேசணுமா? ஓ, காதுல மிஷின் வச்சிருக்கீங்களா. சரி சரி. நான் பொதுவாவே சத்தமாப் பேசுற ஆளுதான், எங்க வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பா.

அவளக் கூட்டிட்டுப் போகத்தான் வந்துருக்கேன். கோகிலா, என் சம்சாரம். ஊருக்கு வந்து அஞ்சு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த ஊரு சட்டம் எப்புடின்னா, குடும்ப விசாவுல இருக்குறவங்க ஆறு மாசத்துக்கு மேல வெளிய தங்கிட்டா விசா செத்துப்போயிரும். மறுபடி வாங்குறது குதிரக்கொம்பு. நான் அதுக்கு நாயா அலைஞ்சவன். அதனால இந்தத் தடவ அவ வரலன்னா அவ்வளவுதான், அவ இங்க, நான் அங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அத்தன வருசமும் அப்புடித்தான் கெடந்தோம், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போற புருசன். மறுபடியும் அதுக்குத் திரும்பணுமா, சொல்லுங்க.

ரெண்டு டிக்கெட்டு போட்டாச்சு. இந்தப் பையிலதான் இருக்கு. ஆனா அவ வரலங்குறா. கேட்டா, "அந்த வீட்டுல என்னால இருக்க முடியாதுங்க, என்னைய விட்டுருங்க"ன்னு ஒரே வார்த்தை. வீடுதான் பிரச்சனைன்னா வீட்ட சரி பண்ணிட்டேனே. அத எடுத்துச் சொல்லத்தான் போறேன். ஆதாரத்தோட போறேன்.

சொல்றேன் கேளுங்க. அங்க நாங்க இருக்குற பிளாட்டுல நம்ம ஊரு மாதிரி சொவத்துல பெட்டி மாட்டுற ஏசி கெடையாது. மொட்டமாடியில ஒரு பெரிய மிஷின் ஓடும். அதுலேருந்து தகரத்துல சதுரமா ஒரு குழாய், ஆடு நொழையுற அளவுக்கு இருக்கும், சீலிங்குக்கு மேலயே ஓடி எல்லா ரூமுக்கும் காத்தக் கொண்டுபோகும். டக்ட்டும்பாங்க. ரூமுக்கு ஒரு ஜாலி, காத்து வெளிய வர்ற ஓட்டைக்கு மாட்டுற சல்லட மூடி. எங்க ஹால்ல சோபாவுக்கு நேர் மேல ஒண்ணு. பெட்ரூம்ல கட்டில் தலமாட்டுக்கு மேல ஒண்ணு. ரெண்டும் ஒரே குழாய், நடுவுல ஒரு சொவருதான்.

தூசின்னா நம்ம ஊரு தூசி இல்லண்ணே. மண்காத்து கெளம்புச்சுன்னா பட்டப்பகல்ல லைட்டு போடணும். மைதா மாவு மாதிரி மண்ணு, எங்க சின்னச் சந்து இருந்தாலும் நொழையும். அதெல்லாம் அந்தக் குழாய்க்குள்ளதான போய்ப் படியும். நாங்க குடி போறப்பவே கட்டடம் பழசு, அத யாரும் தொறந்து பாத்ததே இல்ல.

துவாக்குடி தாண்டிட்டமா? இந்த டிரைவர் உருட்டுறதப் பாத்தா சாயங்காலம்தான் போய்ச் சேருவோம் போல.

கோகிலா வந்த புதுசுல நல்லாத்தான் இருந்தா. வீட்ட அப்புடி வச்சிருந்தா. சாயங்காலம் நான் வர்றப்ப வாசல் வரைக்கும் ரசம் வாசம் வரும், எனக்கு அழுவாச்சி வரும்ணே, அத்தன வருசம் மெஸ் சோறு தின்ன நாக்கு. வந்ததும் குளிப்பேன். ஒரு டீ குடிப்பேன். எங்க அக்காவுக்குப் போன் போடுவேன். அப்புறம் சாப்பாடு. இதுதான் தெனமும்.

எங்க அக்கா பட்டுக்கோட்டையில இருக்கு. அக்கான்னா பேருக்குத்தான் அக்கா. அம்மா போனப்ப எனக்கு வெவரம் தெரியாத வயசு, அதுதான் தூக்கி வளத்துச்சு. என்னைய வெளிநாட்டுக்கு அனுப்புனதும் அதுதான். அதுகிட்ட ஒருநாள் பேசலன்னாலும் மூஞ்சி தொங்கிப்போயிரும். அதுக்கும் கோகிலாவுக்கும் ஆகாது. எந்த வீட்டுல ஆகுது? அக்கா ஆரம்பிக்கும், "ஏன்டா மூர்த்தி, ஒழுங்கா சோறு போடுறாளா, கொரலே எளைச்சுக் கேக்குதே"ன்னு. நல்லாப் போடுறாக்கான்னு சொல்லிப் பாருங்களேன், அன்னிக்கு முழுக்க அதுக்கு மனசு ஆறாது. "ஆமாமா, இனிமே நாங்க எதுக்கு"ன்னு ஆரம்பிச்சுரும். அதனால நான் என்ன பண்ணுவேன்னா, ரெண்டு கொறை சொல்லிருவேன். "என்னத்தக்கா போடுறா, உப்பும் இல்ல ஒறப்பும் இல்ல"ம்பேன். "சுறுசுறுப்பு பத்தாதுக்கா, அவங்க அம்மா வளப்பு"ம்பேன். கேட்டதும் அக்காவுக்கு அப்புடி ஒரு நிம்மதி. "பொறுத்துக்க தம்பி, உன் தலையெழுத்து"ன்னு சொல்லிட்டு சந்தோசமா வச்சிரும். சும்மாண்ணே. வாய் வார்த்தை. மனசுல ஒண்ணும் கெடையாது. நீங்க பேசுனதில்லையா அப்புடி? எல்லாரும் பேசுறதுதான்.

ஆனா ஒண்ணு. கோகிலா மூஞ்சிக்கு நேரா நான் ஒரு வார்த்தை சொன்னவன் இல்ல. சத்தியமா. சாம்பார்ல உப்பு இல்லன்னாக்கூட வாயத் தொறக்காம சாப்புட்டு எந்திரிச்சிருவேன். அக்காவுக்குப் போன் போடுறப்ப அவளப் பெட்ரூம்ல உக்காரச் சொல்லிட்டு கதவச் சாத்திருவேன். கதவுக்கு அடியில சந்து இருக்கும் பாருங்க, அதுக்கு ஒரு துண்டச் சுருட்டி வச்சிருவேன். தூசி வருதுன்னு சொல்லித்தான் வைக்கிறது. ஒரு பொம்பள மனசு நோகக் கூடாதுன்னு இவ்வளவு பாக்குற ஆம்பள எத்தன பேரு இருக்கான்? சோபாவுல வந்து உக்காந்து, நிம்மதியாப் பேசுவேன்.

கொஞ்ச மாசத்துல அவ நடவடிக்கை மாறுச்சு. மொதல்ல தலகாணிய எடுத்து கால்மாட்டுல போட்டுப் படுக்க ஆரம்பிச்சா. ஏன்டின்னா, "அந்த ஜாலிக்குக் கீழ படுக்க முடியல"ன்னா. குளுந்த காத்து நேரா மூஞ்சியில அடிக்கிது, சரி. அப்புறம் ஒருநாள், "ஏங்க, அக்காகிட்ட பால்கனியில நின்னு பேசுங்களேன்"னா. பால்கனியில! வெயில் அடங்குன பெறவும் அனல் பறக்குற ஊருண்ணே அது. "என்னைய வறுத்து எடுக்கலாம்னு பாக்குறியா"ன்னு சிரிச்சுட்டு விட்டுட்டேன். அப்புறம் ஒருநாள் தோசை ஊத்திக்கிட்டே, எந்தச் சம்பந்தமும் இல்லாம, "உங்களுக்கு என்னையப் புடிக்கலையா"ன்னு கேக்குறா. நல்லாத்தான தின்னுக்கிட்டு இருக்கேன், இப்ப எதுக்கு இந்தக் கேள்வின்னேன். ஒண்ணுமில்லன்னுட்டா. பொம்பளைங்க மனசுல என்ன ஓடுதுன்னு யாரு கண்டா.

அதுக்குப் பெறகுதான் அந்த வாடை. பெட்ரூம்ல மட்டும். ஈரத்துணிய மூட்ட கட்டி வச்சு மறந்துட்டா வருமே, அந்த வாடை. ஜாலியச் சுத்திச் சீலிங்குல புள்ளி புள்ளியாக் கருப்பு. பூசணம். தொடச்சா திரும்ப வரும். கோகிலாவுக்கு இருமல் வந்துச்சு. சும்மா இருமல் இல்ல, ராவும் பகலும், வெலா எலும்பு தெறிச்சுரும் போல. டாக்டர்கிட்ட காமிச்சேன். வீட்டுக் காத்து சரியில்ல, பூசணம் எங்கேருந்து வருதுன்னு பாருங்கன்னுதான் அந்த டாக்டரும் சொன்னாரு. நான் வீட்டுக்காரன்கிட்ட சண்ட போட்டேன். அவன் இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தான். அந்த ரூமுல காத்தே சரியா வரலன்னு வேற சொன்னேன். அவன் காதுல வாங்கல. அதுக்குள்ள இவ, "நான் ஊருக்குப் போறேன்"னுட்டா. சரி, உடம்பு தேறட்டும்னு ஏத்திவிட்டேன்.

ஊருக்கு வந்த பத்தாம் நாளே இருமல் நின்னுபோச்சு. அப்பப் பாத்துக்கங்க, என்ன வியாதின்னு. வீட்டு வியாதி.

நீங்க தண்ணி வச்சிருக்கீங்களா? ஒரு மடக்கு குடுங்க. போதும் போதும்.

வீட்டுக்காரன நம்பிப் பிரயோசனம் இல்லன்னு நானே டக்டு கழுவுற ஆளுங்களக் கூப்புட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் வங்காளத்துக்காரன், ஒருத்தன் நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கம், ஏழுமலைன்னு பேரு. வேலைய நீங்க பாக்கணுமே. ரூம் ரூமா ஜாலியக் கழட்டிப் பிளாஸ்டிக் தாளு ஒட்டுறாங்க. குழாயில ஒரு எடத்துல சதுரமா வெட்டித் தும்பிக்கை தண்டியில ஒரு பைப்பச் சொருகுறாங்க. அந்தப் பக்கம் உறிஞ்சுற மிஷின். இந்தப் பக்கம் சுத்துற பிரஷ். ஓட விட்டா காது பொளந்துரும். உள்ளேருந்து வருது பாருங்க, மண்ணு, முடி, செத்த கரப்பான், மூட்ட மூட்டையா. இதத்தான தின்னுக்கிட்டு இருந்தோம்.

பெட்ரூம் ஜாலிக்கு வந்ததும் ஏழுமலை, "அண்ணே, பிரஷ் போக மாட்டேங்குது, என்னமோ அடச்சுக்கிட்டு இருக்கு"ன்னான். கைய விட்டு இழுக்குறான், இழுக்குறான், வந்துக்கிட்டே இருக்கு. சேலைண்ணே. ஒரு முழுச் சேலை. சுருட்டி, மடக்கி, நல்லா அழுத்தித் திணிச்சிருக்கு. ஒரு பக்கம் பூராக் கருப்பாப் பூசணம். சொதசொதன்னு ஈரம். "குளுந்த காத்து வெளிய போக வழி இல்லாம இதுலயே வேர்த்துருக்குண்ணே, இதான் எல்லாத்துக்கும் காரணம்"னான்.

பிரிச்சுப் பாத்தா, எங்க அக்கா எடுத்துக் குடுத்த சேலை. கல்யாணத்துல பொண்ணு அழைக்கிறப்ப கட்டுன சேலை. அரக்குக் கலரு, பச்சைக் கரை. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். அவளே அடச்சு வச்சிருக்கா. கட்டில் மேல நாற்காலியப் போட்டு, அதுமேல ஏறி, திருப்புளியால கழட்டி. விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? குளுருதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, மூடி வச்சுக் குடுத்திருப்பேன்ல. அவளே அடைக்கிறா, அதுல பூசணம் புடிக்குது, அதுலயே இருமுறா, அப்புறம் வீடு சரியில்லன்னு ஊருக்குப் போயிர்றா. அதுவும் அடைக்கிறதுக்கு எங்க அக்கா குடுத்த சேலைதான் கெடச்சுச்சா? வீட்டுல பழைய போர்வை இல்லையா, கோணிச்சாக்கு இல்லையா?

நான் நேரா ஹாலுக்கு வந்து, கதவச் சாத்திட்டு, அக்காவுக்குப் போன் போட்டுட்டேன். யாருகிட்டயாவது சொல்லணும்ல. உள்ள அவனுங்க பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டு இருந்தானுங்க. அன்னிக்கு ரொம்ப நேரம் பேசுனோம். அக்காவுக்குப் பயங்கரக் கோவம்.

செங்கிப்பட்டியா இது? சரி, வந்தாச்சு பாதி.

ஆத்திரம் எல்லாம் அன்னிக்கோட சரிண்ணே. நீங்க வயசுல பெரியவங்க, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அவ இல்லாம என்னால அந்த வீட்டுல இருக்க முடியல. வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போக மனசு வராது, பார்க்கிங்லயே வண்டிக்குள்ள உக்காந்துருப்பேன். வீடு பளபளன்னு இருக்கு, காத்து ஜில்லுனு சுத்தமா வருது, என்ன புண்ணியம்? அந்த இருமல் சத்தமாவது கேக்காதான்னு இருக்கு. பைத்தியக்காரத்தனமாத் தெரியும் உங்களுக்கு. அவளுக்குன்னு புதுசா மெத்த விரிப்பு வாங்கி வச்சிருக்கேன். அதுல நான் படுக்குறதில்ல, சோபாவுலதான் படுக்குறேன். அவ வந்து மொத மொத படுக்கட்டும்னு. இதெல்லாம் அவகிட்ட போன்ல சொல்ல வருமா? எனக்கு வராது. "சாப்புட்டியா, உடம்பு எப்புடி"ம்பேன். வச்சிருவேன்.

அதான் வீடியோவ அனுப்புனேன். வாயால சொல்றதவிடக் கண்ணால பாக்கட்டும்னு. ஏழுமலை அவன் போன்லயே எடுத்து எனக்கு வாட்சப்புல போட்டான், கழுவுறப்ப எப்புடி, கழுவுனப்புறம் எப்புடின்னு. அப்புடியே கோகிலாவுக்கு அனுப்பிட்டேன். நீல டிக்கு விழுந்துச்சு. பாத்துட்டா. மறுநாள் கூப்புட்டா எடுக்கல. அவங்க அம்மாதான் எடுத்து, "அவ வரலங்குறா மாப்புள, வற்புறுத்தாதீங்க"ன்னாங்க. அதுவரைக்கும், பாக்கலாம், யோசிக்கிறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தவ. வீடியோவப் பாத்ததுக்கு அப்புறம் முழுசா மாறிட்டா. சேலை விசயம் வெளிய வந்துருச்சேன்னு வெக்கமா இருக்கும். வேற என்ன? அதெல்லாம் நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்டின்னு நேர்ல சொல்லிக் கூட்டிட்டு வந்துரலாம்னுதான் லீவு போட்டு ஓடியாந்தேன்.

நீங்களே பாருங்களேன். இந்தா. நான் நூறு தடவையாவது பாத்துருப்பேன். சத்தம் வேணாம், அமுத்தித்தான் வச்சிருக்கேன். மிஷின் சத்தம், உங்க காது மிஷினுக்கு ஆகாது. இது பெட்ரூம். இந்தா, இதுதான் ஜாலி இருந்த ஓட்டை. கருப்பப் பாத்தீங்களா? இப்ப பிரஷ் போகுது. அந்தா, சேலை கீழ கெடக்கு பாருங்க, ஓரத்துல. இப்ப மிஷின நிறுத்திட்டான். இது கழுவுனப்புறம். உள்ள டார்ச்ச அடிச்சுக் காமிக்கிறான், தகரம் எப்புடி மின்னுது.

ஏண்ணே சத்தத்தக் கூட்டுறீங்க? அதுல ஒண்ணும் இல்ல, மிஷினுதான். இப்ப ஓடலதான், ஆமா. காதுகிட்ட வச்சுக்கிட்டீங்க. என்ன கேக்குது?

யாரு பேசுறது? ஏழுமலையா இருக்கும்.

என் கொரலா? இல்லண்ணே, நான் அங்கயே இல்லயே. நான் ஹால்ல இருந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. குடுங்க இங்க.

"...நீ குடுத்த சேலைதான்க்கா, அதத்தான் சுருட்டித் திணிச்சு வச்சிருக்கா. இவளுக்கெல்லாம் என்ன மரியாதை. வந்தா வர்றா, வராட்டி எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிராது. அவ இல்லாம வீடு இப்பத்தான் வீடா இருக்கு. நாலு பேரு கேப்பாங்களேன்னுதான் போயிக் கூப்புடப்போறேன்..."

இது நான் சோபாவுல உக்காந்து பேசுனது. பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்குது. அவன் எதுக்கு மிஷின நிறுத்திட்டு வீடியோ எடுக்கணும்? ஓடவிட்டே எடுக்கவேண்டியதுதான, அறிவு கெட்டவன்.

கதவு சாத்தியிருந்துச்சுண்ணே. துண்டுகூட வச்சிருந்தேன்.

அந்த ஜாலி கட்டில் தலமாட்டுக்கு நேர் மேல. அவ அங்கதான் படுத்துருப்பா. தெனமும் டீய குடிச்சுட்டு, உள்ள போய் உக்காருன்னு நான்தான் அனுப்புவேன். உப்பு இல்ல, ஒறப்பு இல்ல. அவங்க அம்மா வளப்பு. அத்தனையும் கேட்டுட்டு, வெளிய வந்து தோசை ஊத்துவா.

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க.

போன் அடிக்குது. அக்காதான். வந்து சேந்துட்டனான்னு கேக்கும். அடிக்கட்டும், நிக்கும்.

இத வச்சுக்கிட்டுத்தான் நான் ஒரத்தநாடு போறேன். ஆதாரம்னு.

அண்ணே, அத இன்னொருக்கா போடுங்க. இந்தாங்க போனு, நீங்களே போடுங்க. கடைசி வரைக்கும் போடுங்க. நாங்க அன்னிக்கு ரொம்ப நேரம் பேசுனோம். அதுக்கு அப்புறம் அவளப் பத்தி நல்லதா எதாவது சொல்லியிருப்பேன். சொல்லியிருக்கணும். இப்ப உங்ககிட்ட சொன்னேன்ல, அந்த மாதிரி. உங்க காதுல வச்சுக் கேட்டுச் சொல்லுங்க.

என்ன? முடிஞ்சுபோச்சா? "போயிக் கூப்புடப்போறேன்"னோட நின்னுபோச்சா?

சரி, குடுங்க.

தஞ்சாவூர் வந்துருச்சு, எல்லாரும் எறங்குறாங்க. நீங்க போங்கண்ணே, உங்க பைய மறந்துறாதீங்க. ஒரத்தநாட்டுக்கு அடிக்கடி பஸ்ஸு இருக்கு. நான் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எறங்குறேன்.